நாய்க்கு இத்தனை வைத்தியமா?



நம் கோவிலின் தென்புற வாசலருகே, புங்க மரத்தடியில், ஞாயிறு இரண்டாம் பூசை முடியும்வரை படுத்திருக்கும் கறுப்பு நாயை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். மணி அடித்தால் தலை தூக்கிப் பார்க்கும். எஜமானர் வெளியே வந்தவுடன் வாலை ஆட்டிக்கொண்டு அவர் பின்னே போகும். உபதேசியார் எத்தனையோ தடவை விரட்டிப் பார்த்தார். கடைசியில், "நம் ஜனங்களில் பாதிப் பேரைவிட இது ஒழுங்காகப் பூசைக்கு வருகிறது" என்று சொல்லி விட்டுவிட்டார். லாப்ரடார் ஜாதி, பெயர் ஜிம்மி, வயது ஒன்பது. நான்கு மாதமாய் அதை மூன்று காலில் பார்க்கிறீர்கள். அதைக் குறித்துப் பலர் பலவிதமாய்ப் பேசினதும் என் காதில் விழுந்தது. அந்த வீட்டாரின் சம்மதம் பெற்றே இதை எழுதுகிறேன். அவர்கள் பெயர் இங்கே வேண்டாம், தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

முதலில் லேசான நொண்டல்தான் இருந்தது. சுளுக்கு என்று எண்ணி, எண்ணெய் தடவி நீவிவிட்டார்கள். பிறகு வலது முன்னங்காலில் மணிக்கட்டுக்கு மேலே வீங்கிக் கல் போல் ஆயிற்று. இராத்திரியில் முனகல். மாட்டாஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, எலும்புப் புற்று என்றார்கள். சில நாளில் தோளோடு காலை எடுத்தார்கள். அதற்குப் பின் ஒரு நாள் மாலை, ஜெபமாலை முடிந்து எல்லோரும் போன பிறகு, அந்தப் பெரியவர் பங்களா வராந்தாவில் வந்து நின்றார்.

"சாமி, காலை எடுத்தாயிற்று. இனிமேல் கீமோ ஊசி போட வேண்டும் என்கிறார் டாக்டர். போட்டால் பாவமா? போடாவிட்டால் பாவமா?"

அன்றைக்கு எனக்குக் களைப்பு. போதாக்குறைக்கு, அதே வாரத்தில் ஒரு கூலிக்காரக் குடும்பத்துக்கு டயாலிஸிஸ் செலவுக்குப் பணம் திரட்ட நான் அலைந்துகொண்டிருந்தேன். "ஐயா, மனிதருக்கே மருந்து வாங்க வழியில்லாத ஊரில் நாய்க்கு இத்தனை வைத்தியமா?" என்றேன். அவர், "சரிங்க சாமி" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். சரியான பதில் சொல்லிவிட்டோம் என்ற திருப்தி எனக்கு இராச் சாப்பாடு வரைக்கும் இருந்தது. படுக்கப் போகும்போதுதான் உறைத்தது: அந்த மனிதர் இரண்டு கேள்வி கேட்டார்; நான் இரண்டுக்கும் பதில் சொல்லாமல் மூன்றாவதாக ஒரு கேள்வியைத் திருப்பிக் கேட்டு அனுப்பியிருக்கிறேன். அந்த வியாதி இன்னதென்றும் எனக்குத் தெரியாது, அந்த ஊசி இன்னதென்றும் தெரியாது. தெரியாத விஷயத்தில் தீர்ப்புச் சொல்வது குருக்களுக்கு எளிதில் வரும் குற்றம்.

ஆகையால் அடுத்த முறை தையல் பார்க்கப் போனபோது நானும் கூடவே போனேன். அந்தக் கால்நடை மருத்துவர் பொறுமைசாலி. அவர் விளக்கினதை என்னால் இயன்ற மட்டும் சொல்லுகிறேன்.

பெரிய உடலுள்ள நாய்களுக்கு அதிகமாய் வரும் எலும்புப் புற்று இது. ஆஸ்டியோசார்க்கோமா என்று அதற்குப் பெயர். கால் எலும்பை உள்ளிருந்தே அரித்துக்கொண்டு வளரும். ஆகவே தாங்க முடியாத வலி. காலை எடுப்பது முதலாவது அந்த வலியை எடுப்பதற்காகத்தான். ஆனால் காலை எடுத்தால் நோய் போய்விடுகிறதா என்றால், இல்லை. கண்டுபிடிக்கும் நாளிலேயே பத்து நாய்களில் ஏறக்குறைய ஒன்பதில், எக்ஸ்ரேயில் தெரியாத அளவுக்குச் சிறிய விதைகள் நுரையீரலுக்குப் போய்ச் சேர்ந்திருக்கின்றன. ஆகவே கால் எடுத்ததோடு நிறுத்திக்கொண்டால் பாதி நாய்கள் 4 அல்லது 5 மாதங்களுக்குள் இறந்துவிடுகின்றன. ஓராண்டைக் கடப்பது பத்தில் ஒன்று. கார்போபிளாட்டின் போன்ற மருந்தை மூன்று வாரத்துக்கு ஒரு தடவையாக நான்கு அல்லது ஆறு தடவை நரம்பில் ஏற்றினால், பாதி நாய்கள் 10 மாதம் முதல் 12 மாதம்வரை ஜீவிக்கின்றன; இரண்டாண்டைக் கடப்பது ஐந்தில் ஒன்று. அடியோடு குணமாகும் என்று வாக்குக் கொடுக்க அவரால் முடியவில்லை. நான் கேட்டவற்றுள் இதை முக்கியமாய்க் குறித்துக்கொண்டேன்.

நான் பயந்தது வேறொன்று. கீமோ என்றால் நமக்கு முடி கொட்டினவர்களும், வாந்தியில் துவண்டவர்களும் ஞாபகம் வருகிறார்கள். இதை ஒரு வாயில்லா ஜீவனுக்குச் செய்வது கொடுமையல்லவா? மருத்துவர் சொன்னார்: மனிதருக்கு முழுக் குணத்தை நாடி, உடல் தாங்கும் எல்லைவரை மருந்து கொடுக்கிறார்கள், நாய்க்கு நல்ல நாட்களை நாடி மட்டுமே கொடுப்பதால் அளவைக் குறைத்தே கொடுக்கிறார்கள். இரண்டொரு நாள் சாப்பிடாமல் கிடக்கும்; சிலவற்றுக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு; இரண்டாம் வாரத்தில் இரத்தத்தின் வெள்ளை அணுக்கள் குறைவதால் காய்ச்சல் வரக்கூடும். ஆஸ்பத்திரியில் சேர்க்கும்படி ஆவது கொஞ்சமே. பெரும்பாலான நாய்களுக்கு முடியும் கொட்டுவதில்லை. மருந்து ஏற்றின சில நாட்களுக்கு அதன் மூத்திரத்தைக் கையுறை போட்டே துடைக்க வேண்டும். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் கிட்டப் போகக் கூடாது. ஆக, கொடுமை என்று நான் எண்ணியிருந்ததில் பெரும்பங்கு என் அறியாமைதான்.

என்றபோதிலும் ஒரு வித்தியாசத்தை மறக்கலாகாது. நோயாளியான மனிதன், "இந்த ஆறு மாதம் கஷ்டப்பட்டால் மகள் கலியாணத்தைப் பார்ப்பேன்" என்று நினைத்து வேதனையைச் சகிக்கிறான். வேதனைக்கு அவன் ஒரு அர்த்தம் கொடுக்கிறான். அதை ஒப்புக்கொடுக்கவும் செய்கிறான். நாய்க்கு அது இல்லை. தன்னை ஏன் குத்துகிறார்கள் என்று அதற்குத் தெரியாது. நாளைக்கு என்ற சொல்லே அதனிடம் இல்லை. இன்று வலித்தால் வலிதான், இன்று நன்றாயிருந்தால் நன்மைதான். ஆகவே எத்தனை மாதம் என்ற கணக்கு அதனுடையதல்ல, நம்முடையது. அதற்காக, கூடுதலாய்க் கிடைக்கும் மாதங்களால் அதற்குப் பிரயோசனமே இல்லை என்றும் சொல்லிவிடக் கூடாது. எண்ணிப் பார்க்காவிட்டாலும், வெயிலில் படுத்து, வயிறார உண்டு, எஜமானர் வரும் காலடி கேட்டு எழும் ஒவ்வொரு காலையும் அதற்கு மெய்யான நன்மையே. அந்த மாதங்கள் எப்படிப்பட்ட நாட்களால் ஆனவை என்பதையே பார்க்க வேண்டும்.

காலை எடுத்ததற்காக அழுதவர்களுக்கும் ஒரு சொல். கால் போன மனிதனுக்குத் தொழில் போகிறது, நாலு பேர் முன் கூச்சம் வருகிறது. நாய்க்கு அந்த வெட்கம் இல்லை. ஜிம்மி இரண்டு வாரத்தில் மூன்று காலால் படியேறிற்று. அதைப் பார்க்க மாட்டாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள் நாம்தான்.

இனி திருச்சபை என்ன சொல்லுகிறது? 1992-ம் ஆண்டில், இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் பாப்பரசராயிருந்தபோது வெளியான திருச்சபையின் ஞானோபதேச நூல் இதைப்பற்றி நேராகவே பேசுகிறது. மிருகங்களைக் காரணமின்றி வதைப்பதும் கொல்வதும் மனித மாண்புக்கு விரோதம் என்கிறது. மனிதரின் துன்பத்தைத் தீர்க்க முந்திச் செல்ல வேண்டிய பணத்தை மிருகங்களுக்குச் செலவிடுவதும் தகாது என்கிறது. மிருகங்களை நேசிக்கலாம், ஆனால் மனிதருக்கே உரிய பாசத்தை அவற்றின்மேல் வைக்கலாகாது என்றும் சொல்லுகிறது. அர்ச். தோமாஸ் அக்வினாஸ், மிருகத்திடம் கொடுமை பழகினவன் மனிதனிடமும் கொடுமை செய்யப் பழகுவான் என்பதையே பெரிதாய்க் கண்டார். பிரான்சிஸ் பாப்பரசர் 2015-ல் எழுதிய நிருபத்தில் இன்னும் ஒரு படி போய், மற்றச் சிருஷ்டிகளின் கடைசி நோக்கம் நாம் அல்ல என்று எழுதினார். இந்த மூன்றையும் நான் குருமடத்திலும் பிற்பாடும் படித்தவன்தான். ஆனால் அந்தப் பெரியவர் கேட்டபோது, நடுவில் இருக்கும் ஒரு வாக்கியத்தை மட்டும் பிடுங்கி அவர்மேல் எறிந்தேன்.

அந்த வாக்கியத்தை நிதானமாய்ப் பார்ப்போம். மனிதரின் துன்பத்துக்கு முந்திச் செல்ல வேண்டிய பணம் என்கிறது. உலகில் ஒரு ஏழை இருக்கும்வரை நாய்க்கு ஒரு ரூபாயும் செலவழிக்காதே என்று சொல்லவில்லை. அப்படியானால் நாய்க்கு மட்டுமா தடை? பூப்புனித நீராட்டுக்குப் போடும் பந்தலுக்கும், வருஷத்துக்கொரு முறை மாற்றும் செல்போனுக்கும் அதே தடை அல்லவா? நம் பாதுகாவலரின் திருவிழாவில் ஒரே இராத்திரியில் வாணவேடிக்கைக்குச் செலவான பணத்தில் ஜிம்மிக்கு ஊசி முழுவதும் போட்டிருக்கலாம். அதற்கு ரசீதில் கையெழுத்துப் போட்டவன் நான். நாயின் ஆஸ்பத்திரிச் சீட்டைக் கண்டவுடன் நமக்கு ஏழைகளின் ஞாபகம் வருகிறது. வாணச் சீட்டைக் கண்டால் வருவதில்லை. ஏழைகளை நாம் வாதத்துக்காக இரவல் வாங்குகிறோமோ என்று சந்தேகம். ஆனாலும் என் வீண்செலவு இன்னொருவர் செலவை நியாயமாக்காது. நெருங்கினவரின் உரிமை முந்தினது என்ற முறை அப்படியே நிற்கிறது.

இன்னொரு விஷயமும் எனக்குப் புதிதாய் இருந்தது. இந்த நோய் மனிதப் பிள்ளைகளுக்கும் வருகிறது. அதுவும் வேகமாய் வளரும் வாலிப வயதில். கானடா தேசத்தில் டெரி ஃபாக்ஸ் என்ற வாலிபருக்கு 1977-ல், பதினெட்டாம் வயதில், இதே நோயால் வலது கால் முழங்காலுக்கு மேலே எடுக்கப்பட்டது. செயற்கைக் காலோடு 1980-ல் 143 நாள், 5,373 கிலோமீட்டர் ஓடிப் புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் திரட்டினார். நுரையீரலுக்கு நோய் பரவவே ஓட்டத்தை நிறுத்தினார். 1981 ஜூன் மாதம், 22 வயதில் மரித்தார். காலை மட்டும் எடுத்து நிறுத்திய காலத்தில் இப்படிப்பட்ட பிள்ளைகளில் ஐந்தில் ஒருவர்தான் பிழைத்தார்; மருந்தும் சேர்ந்த பின், நோய் பரவாத நிலையில் வருபவர்களில் மூன்றில் இருவர் அளவுக்குப் பிழைக்கிறார்கள். 1978-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சிஸ்பிளாட்டின் அந்த மருந்துகளில் ஒன்று. கார்போபிளாட்டின் அதன் தம்பி. நாயின் நோயும் பிள்ளையின் நோயும் அவ்வளவு ஒத்திருப்பதால், நோயுற்ற நாய்களுக்கு வைத்தியம் செய்து கற்றது பிள்ளைகளுக்கு உதவியிருக்கிறது. கால் எடுத்த நாய்களிடம் 1980-களில் பரீட்சித்துப் பார்த்த மிஃபாமுர்டைடு என்ற மருந்து, 2009-ல் ஐரோப்பாவில் பிள்ளைகளுக்காக அனுமதிக்கப்பட்டது. ஆகவே நாய்க்குச் செய்யும் வைத்தியமெல்லாம் மனிதனிடமிருந்து திருடினது என்று சொல்ல வாயெடுக்குமுன் யோசிக்க வேண்டும். இதைச் சாக்காக வைத்து, ஜிம்மிக்குப் போடும் ஊசி உலகத்துப் பிள்ளைகளுக்கு உபகாரம் என்று சொல்லவும் முடியாது; அது ஆராய்ச்சியல்ல, ஒரு வீட்டின் செலவு.

அந்த வீட்டின் செலவுக்கு வருகிறேன். கணக்கைப் போட்டிருந்தார் பெரியவர்: பிரயாணம், இரத்தப் பரிசோதனை எல்லாம் சேர்த்தால் தம் ஐந்தாறு மாதப் பென்ஷன். கடன் இல்லை. தபாலாபீசில் போட்டு வைத்த பணம் இருக்கிறது. அப்படியானால் தடை ஒன்றுமில்லையே என்று எண்ணிக்கொண்டேதான் ஒரு நாள் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அம்மா காப்பி கொண்டுவர எழுந்தார்கள். சுவரைப் பிடித்து எழுந்தார்கள். சுவரைப் பிடித்தே அடுக்களைவரை போனார்கள். மூன்று வருஷமாய் அவர்கள் பூசையில் முழந்தாளிடாமல் பின் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதை நான் பார்க்கிறேன். வயது என்று நினைத்திருந்தேன். விசாரித்தேன். இரண்டு முழங்காலும் தேய்ந்துபோய், மூட்டு மாற்ற வேண்டும் என்று டாக்டர் சொல்லி நான்கு வருஷமாகிறது. தபாலாபீஸ் பணம் அதற்கென்றே போட்டது.

"அதை ஏன் சொல்லவில்லை, அம்மா?" என்றேன்.

"எனக்குப் பழகின வலிதானே, சாமி. பாவம், அது வாய் திறந்து சொல்லாது" என்றார்கள்.

வாயில்லா ஜீவன் என்று நாயைச் சொல்லுகிறோம். அந்த வீட்டில் வாயில்லாதிருந்தது நாய் மட்டுமல்ல.

பெரியவர் கெட்டவரல்ல. "உன் காலை முதலில் பார்ப்போம்" என்று ஆரம்பத்தில் சொல்லியிருக்கிறார். "அதற்கென்ன அவசரம்" என்று அம்மா சொல்ல, அவர் மறுமுறை கேட்கவில்லை. நாயின் முனகல் இராத்திரி காதில் விழுகிறது. நாற்பது வருஷம் கூட வாழ்ந்தவளின் வலி பழகிப்போய்க் காதில் விழுவதில்லை. எத்தனை வீட்டில் இப்படி! நாத்தான் தீர்க்கதரிசி தாவீது இராஜாவிடம் சொன்ன கதையில், ஏழையொருவன் தன் ஒரே ஆட்டுக்குட்டிக்குத் தன் சோற்றில் ஊட்டி, தன் பாத்திரத்தில் குடிக்கக் கொடுத்து, மகளைப் போல் மடியில் வைத்து வளர்த்தான் என்று வருகிறது. அந்தப் பாசத்தைத் தீர்க்கதரிசி ஓரிடத்திலும் பரிகசிக்கவில்லை. நானும் பரிகசிக்கவில்லை. ஆனால் பெரியவரைத் தனியே திண்ணைக்கு அழைத்து, "ஐயா, நீங்கள் கேட்ட கேள்விக்கு இப்போது பதில் சொல்லுகிறேன். அந்தப் பணம் உங்களுடையதுமல்ல, நாயினுடையதுமல்ல, அது அம்மாவின் முழங்கால்" என்றேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ ஜிம்மியை நானே சாகவிட்டதாக ஆகாதா, சாமி?" என்று அழுதார்.

ஆகாது. இதை அவருக்குச் சொன்னபடியே உங்களுக்கும் சொல்லுகிறேன். ஏனெனில் இந்தக் குற்ற உணர்ச்சியோடு பல வீடுகள் இருக்கின்றன, நாய்க்காக மட்டுமல்ல, பெற்றோருக்காகவும். 1957 நவம்பரில் பன்னிரண்டாம் பத்திநாதர் பாப்பரசர் மருத்துவர்களுக்குப் பேசினபோது, மனித உயிரைக் காக்கவுங்கூடச் சாதாரண வழிகளையே கைக்கொள்ளக் கடமை உண்டு. அளவுக்கு மிஞ்சிய பாரமான வழிகளுக்குக் கடமை இல்லை என்று போதித்தார். மனிதனுக்கே அப்படியென்றால் நாய்க்கு எவ்வளவு அதிகமாய்! வலி நீக்குவது நம் கடன். அதைக் காலை எடுத்து அவர் செய்துவிட்டார். காலத்தை நீட்டுவது கடனல்ல. செய்யக்கூடியவன் செய்யலாம், செய்யாதவன் குற்றவாளியல்ல. நாளைக்கு வேறொருவர், வீட்டில் ஒருவருக்கும் குறை வைக்காமல், தம் கையிருப்பில், நாய் மருந்தைத் தாங்குகிறதா என்று ஒவ்வொரு ஊசிக்குப் பின்னும் பார்த்து, தாங்காவிட்டால் நிறுத்தும் மனதோடு செய்வேன் என்றால், அவரைப் பங்களா வராந்தாவில் நிறுத்தி முகம் சுளிக்க மாட்டேன்.

அவர் கடைசியாய் ஒன்று கேட்டார். நோய் நுரையீரலுக்கு ஏறி மூச்சுத் திணறினால், டாக்டரைக் கொண்டு தூங்க வைக்கலாமா? மனிதனுக்கு அது ஒருக்காலும் ஆகாது. அவன் உயிர் சர்வேசுரனுடையது, அவன் ஆத்துமம் அழியாதது, அவன் கடைசி மணி நேரமும் அவனுக்கு வேண்டியது. மிருகத்தை நம் பராமரிப்பில் வைத்திருக்கிறார். தீராத வேதனையில் அதை நீட்டி வைப்பது பராமரிப்பாகாது. ஆகவே செய்யலாம் என்றேன். ஆனால் நம் கஷ்டம் தீருவதற்காக முந்திச் செய்யக் கூடாது. நம் பிரிவாற்றாமைக்காகப் பிந்தவும் கூடாது. எந்த நாள் என்பதை அவர்தான் பார்த்து முடிவு செய்ய வேண்டும், என்னால் முடியாது.

ஊசி போடவில்லை. ஆறு வாரத்துக்கு முன் அம்மாவுக்கு வலது முழங்காலில் மூட்டு மாற்றினார்கள். இடது கால் அடுத்த வருஷம். சென்ற செவ்வாய்க்கிழமை நற்கருணை கொண்டுபோனபோது பார்த்தேன்: அம்மா நடைச் சட்டத்தைப் பிடித்து வராந்தாவின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடந்தார்கள், பின்னாலேயே ஜிம்மி தத்தித் தத்தி நடந்தது, இவர்கள் திரும்பினால் அதுவும் திரும்பிற்று. பெரியவர் இருவருக்கும் எண்ணிக்கை சொல்லிக்கொண்டிருந்தார். சென்ற மாத எக்ஸ்ரேயில் நெஞ்சு சுத்தமாயிருந்தது. இருமல் இன்னும் வரவில்லை.